இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு காட்சி: புதையல் கேம்களும், கெட்டுப்போகும் ஹீரோக்களும்

கடலோடி

வேதியியல் வாத்தியார் வால்டர் போதைப்பொருள் காய்ச்சப் போகும் தொடர் பிரேக்கிங் பேட், டிரேக் புதையல் தேடும் வீடியோ கேம் வரிசை அன்சார்ட்டட், இரண்டையும் முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவை எல்லாம் போட்டு உடைக்கப்போகிறேன்.

அன்சார்ட்டட் 2, ஷம்பாலா என்ற மறைந்த நகரம், அந்த மரம், நீலப் பிசின், கடைசிச் சண்டை. உங்களுக்குத் தெரியாததா. வில்லன் லசாரெவிச் விழுந்துவிட்டான். டிரேக்கைப் பார்த்து, என்னை அரக்கன் என்கிறாயே, உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், நீ எத்தனை பேரைக் கொன்றிருக்கிறாய், இன்றைக்கு மட்டும் எத்தனை பேர் என்று கேட்கிறான். என் கட்டைவிரல் அப்போதும் கன்ட்ரோலரில்தான் இருந்தது. எத்தனை பேர் என்று எனக்கே தெரியவில்லை. நான் எண்ணவே இல்லை.

என்னைக் கொல்ல உனக்குத் துணிவில்லை என்று அவன் சீண்டுகிறான். எனக்கு இல்லாமல் இருக்கலாம், அவர்களுக்கு இருக்கிறது என்கிற மாதிரி சொல்லிவிட்டு டிரேக் நகர்ந்துவிடுகிறான். ஷம்பாலாவின் காவல்காரர்கள் வந்து லசாரெவிச்சைச் சூழ்ந்துகொள்கிறார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினேன், அவ்வளவு சந்தோஷம்.

அதே வாரம்தான் பிரேக்கிங் பேட் இரண்டாம் சீசனில் கடைசிக்கு முந்தைய எபிசோடைப் பார்த்தேன். வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலி ஜேன், போதையில் வாந்தி எடுத்து மூச்சுத் திணறுகிறாள். வால்டர் கட்டிலருகே நிற்கிறான். புரட்டிப் படுக்க வைத்தால் போதும், பிழைத்துவிடுவாள். அவன் எதுவும் செய்யவில்லை. நிற்கிறான், பார்க்கிறான், அவ்வளவுதான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

படுத்திருக்கும்போதுதான் பொறி தட்டியது. இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தானே? கை வைக்காமல் நின்று, சாவு தன் வேலையைப் பார்க்கட்டும் என்று விட்டார்கள். ஒன்றுக்கு எழுந்து கத்தினேன், இன்னொன்றுக்குத் தூக்கம் போயிற்று. லசாரெவிச் கொலைகாரன், ஜேன் அப்படியில்லை, அது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பதிலோடு மனம் அடங்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு காட்சி இருந்தால் எழுதுங்கள்.

பின்னிரவு

எனக்கு ஜேன் இல்லை, தட்டு.

முதல் சீசன், மூன்றாவது எபிசோட். கிரேஸி எய்ட் என்ற போதைப்பொருள் வியாபாரியை நிலவறைத் தூணில் சைக்கிள் பூட்டால் கழுத்தோடு பிணைத்து வைத்திருக்கிறார்கள். அவனைக் கொல்வதா விடுவதா என்று வால்டர் ஒரு தாளில் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பட்டியல் போடுகிறான். விட்டுவிடு என்ற பக்கத்தில் வரிசையாகக் காரணங்கள். கொன்றுவிடு என்ற பக்கத்தில் ஒன்றே ஒன்று: விட்டால் உன் குடும்பத்தையே கொன்றுவிடுவான். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், தொட்டில் வாங்கிய கடை பற்றியெல்லாம். சரி, விட்டுவிடுகிறேன் என்று வால்டர் சாவி எடுக்க மேலே போகிறான்.

அங்கேதான் அவனுக்குச் சந்தேகம் வருகிறது. அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது விழுந்து உடைந்த மஞ்சள் தட்டின் துண்டுகளைக் குப்பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைக்கிறான். நான் புதையல் கேம்களிலேயே வளர்ந்தவன். கிழிந்த வரைபடத்தை ஒட்டுவது, சிலையின் துண்டுகளைப் பொருத்துவது, கல்தட்டைத் திருப்பிச் சின்னங்களை நேராக்குவது, இதெல்லாம் எனக்குக் கை வந்த விளையாட்டு. அதனால் அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தப் பொருந்த, கேமில் வருகிற அதே குதூகலம் வந்தது. இதோ இதை இங்கே வை, அதை அங்கே வை என்று உள்ளுக்குள் நானும் அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு துண்டு குறைகிறது. நீளமாக, கூராக, கத்தி வடிவில் ஓர் இடைவெளி.

வயிறு சுருண்டுபோனது. ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. இடைவெளி தெரிந்த அந்த நொடியில் நான் நினைத்தது, நல்ல வேளை, கண்டுபிடித்துவிட்டான் என்றுதான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு அவன் விடுதலையாக வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். ஒரே நொடியில் கீழே போய்க் கொல் என்று சொல்லும் ஆளாகிவிட்டேன். வால்டர் அந்தப் பூட்டை இழுத்துக்கொண்டே மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று அழுகிறான். அப்போது எனக்கு அழுகை வரவில்லை.

ஆயிரத்தொன்று

கடலோடி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முதலில் என் கதை, சுருக்கமாக.

அன்சார்ட்டட் 4-இல் ஆயிரம் எதிரிகளை வீழ்த்தினால் ஒரு ட்ராஃபி உண்டு. எனக்கு அது வந்தபோது ஒருவனைப் பின்னாலிருந்து புல்லுக்குள் இழுத்துக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில் டிங் என்று ஒலி. பெயர்: லூடோநேரட்டிவ் டிஸ்ஸொனன்ஸ். அந்தச் சொல்லை எனக்கு ஏற்கெனவே தெரியும். 2007-இல் கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங், பயோஷாக் கேமைப் பற்றி எழுதும்போது புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கதை ஒன்று சொல்லும், நம் கை வேறொன்று செய்யும், இரண்டும் ஒட்டாது. டிரேக் நல்லவன், குறும்புக்காரன், மனைவிமேல் உயிரையே வைத்திருப்பவன் என்று கதை சொல்கிறது. என் கை அவனை வைத்து ஆயிரம் பேரைக் கொன்றது. செய்தவர்களே அதைத் தெரிந்து பெயர் வைத்து என் கையில் பரிசாகக் கொடுத்தார்கள். எனக்குப் பரிசு வாங்கிய மாதிரி இல்லை. பிடிபட்ட மாதிரி இருந்தது.

இப்போது கடலோடிக்கு. லசாரெவிச்சை விட்டுப்போனதும் ஜேனை விட்டுநின்றதும் ஒன்று என்கிறீர்கள். எப்படி ஒன்றாகும்? லசாரெவிச் அடுத்த நிமிடம் எழுந்தால் ஊரையே எரிப்பான். ஜேன் வால்டரிடம் கேட்டது ஜெஸ்ஸியின் பங்குப் பணத்தை. மிரட்டித்தான் கேட்டாள், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்குச் சாவா தண்டனை? அதோடு அந்தச் சாவு அவளோடு நிற்கவில்லை. அவள் அப்பா விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். மகள் போன துக்கத்தோடு வேலைக்குத் திரும்பி, இரண்டு விமானங்கள் மோதி 167 பேர் இறக்கிறார்கள். ஒரு கட்டிலருகே சும்மா நின்றதற்கு விலை அது. டிரேக் நகர்ந்து போனதால் யார் செத்தார்கள்?

இன்னொன்று. கேமில் சும்மா நிற்பதாவது, கை வைப்பதாவது, எதுவும் நம் கையில் இல்லை, அது கட்சீன், தானாக ஓடும் காட்சி. நான்காவது கேமின் கடைசியில் வில்லன் ரேஃப்மேல் புதையல் மூட்டை விழுகிறதே, அந்தக் கயிற்றை வெட்டுவது டிரேக்தான். யாராவது தூக்கம் கெட்டுப் படுத்தோமா? இல்லை. ஏனென்றால் கேம் நமக்குக் குற்றத்தைக் கொடுப்பதே இல்லை, வேலையை மட்டும் கொடுக்கும். கவலைப்பட வேண்டியது வேலையைப் பற்றித்தான், கடைசிக் காட்சியைப் பற்றி இல்லை.

பனிமலை

அன்சார்ட்டட் 2 பற்றிப் பேசினால் எனக்கு அந்தத் திபெத்தியக் கிராமம்தான். ரயில் விபத்துக்குப் பிறகு டிரேக் கண்விழிக்கிறான், அந்த ஊர்க்காரன் டென்சினோடு நடக்கிறான், அவன் மொழி இவனுக்குத் தெரியாது. துப்பாக்கி இல்லை, ஓட முடியாது, மெதுவாக நடக்க மட்டும்தான் முடியும். குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள்.

ஒரு வீட்டு வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் சதுர பட்டனை அழுத்திவிட்டேன். அதுவரை அந்தப் பட்டன் என்றால் குத்து. ஐயோ, அடித்துவிட்டேனே என்று பதறினேன். டிரேக் கையை நீட்டினான், அவரோடு கைகுலுக்கினான்.

எத்தனை வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் அந்தக் கைகுலுக்கலை நினைத்தால் தொண்டை அடைக்கும். பிற்பாடு லசாரெவிச்சின் ஆட்கள் அங்கே டாங்க்கோடு வந்தபோது, அந்த மனிதர் எங்கே என்று தேடிக்கொண்டே சுட்டேன்.

வெண்மேகம்

நான் எழுதுவது உங்கள் விவாதத்துக்குப் பொருந்துமா தெரியவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

பிரேக்கிங் பேட் பார்த்த நாளெல்லாம் எனக்கு வால்டரின் மனைவி ஸ்கைலரைப் பிடிக்காது. அவள் வந்தாலே எரிச்சல். எதற்கு இவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அந்த மனுஷனை வேலை செய்ய விடமாட்டாளா என்று சத்தமாகவே சொல்வேன். வேலை என்றுதான் சொன்னேன், கவனித்தீர்களா, போதைப்பொருள் காய்ச்சுவதை. நானும் ஒரு மனைவி. என்னிடம் ஒருவர் அப்படிப் பொய் சொல்லியிருந்தால் ஒரு நாள் தாங்கியிருக்க மாட்டேன்.

அப்புறம் என் தம்பி அன்சார்ட்டட் 4 ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதில் டிரேக் மனைவி எலேனாவிடம் மலேசியாவுக்கு வேலையாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அண்ணன் சாமோடு புதையல் தேடப் போகிறான். மடகாஸ்கரில் ஒரு விடுதி அறைக்குத் திரும்பி வந்தால் உள்ளே எலேனா உட்கார்ந்திருக்கிறாள். கத்தவில்லை, அழவில்லை. பொய் சொல்லிவிட்டாயே என்ற அந்த முகம். நான் தம்பியிடம், நல்லா கேளுடி அவனை என்று எலேனாவுக்காகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இதே கேள்வியைக் கேட்டவள்தானே ஸ்கைலர்? ஒருத்தி கேட்டால் நியாயம், இன்னொருத்தி கேட்டால் நச்சரிப்பா?

ஸ்கைலராக நடித்த அன்னா கன், 2013-இல் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றியே எழுதினார். கதாபாத்திரத்தின் மேலிருந்த வெறுப்பு தன் மேலேயே திரும்பியதைச் சொல்லியிருந்தார். படித்தபோது அவருக்கு நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

யோசித்துப் பார்த்தால், எலேனா டிரேக்கின் பயணத்தைக் கெடுக்கவில்லை, போய்க் காப்பாற்றினாள், அதனால் என் ஆட்டம் நிற்கவில்லை. ஸ்கைலர் ஆட்டத்தையே நிறுத்தப் பார்த்தாள். எனக்குப் பிடிக்காமல் போனது அவள் குணம் இல்லை. எனக்கு ஆட்டம் தொடர வேண்டியிருந்தது.

ஆயிரத்தொன்று, கேம் குற்றத்தைக் கொடுக்காது என்கிறீர்களே, அந்த விடுதி அறையில் என் தம்பி கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டான்.

மூன்றாம்பிறை

பிரேக்கிங் பேட், பிரேக்கிங் பேட் என்றே எல்லோரும் சொல்கிறீர்கள். அது 2008-இல்தான் வந்தது. இந்தக் கதவை முதலில் திறந்தது சோப்ரானோஸ் தொடர். 1999, முதல் சீசன், ஐந்தாவது எபிசோட். மாஃபியாக்காரன் டோனி, மகள் மெடோவைக் கல்லூரி பார்க்கக் கூட்டிப்போகிறான். காரில் அவள் கேட்கிறாள், அப்பா, நீங்கள் மாஃபியாவா? கொஞ்சம் உண்மை, கொஞ்சம் மழுப்பல். வழியில், முன்பு கும்பலைக் காட்டிக்கொடுத்த ஒருவன் கண்ணில் படுகிறான். மகளைக் கல்லூரியில் இறக்கிவிட்டு, போய் அவன் கழுத்தை நெரித்துவிட்டு, அவளை அழைத்துப்போக வருகிறான். ஹீரோ தன் கையால், நிதானமாகக் கொல்கிறான். ஜனங்கள் அவனை வெறுத்துவிடுவார்கள் என்று ஒளிபரப்பும் சேனலே பயந்தது. தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை. ஜனங்கள் வெறுக்கவில்லை.

என் காட்சி அந்தக் கொலை இல்லை, அதற்கு அப்புறம். மெடோ அவன் ஷூவில் சேறு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிடுகிறாள், கையில் காயத்தையும். அவன் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறான். அவள் நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவும் இல்லை. நான் மகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் திரையையே பார்த்தேன்.

இதற்கு மூன்று வருஷம் கழித்து, 2002-இல், த ஷீல்ட் என்ற போலீஸ் தொடர். முதல் எபிசோடின் கடைசி நிமிடத்தில் போலீஸ்காரன் விக் மேக்கி சக போலீஸ்காரனை முகத்தில் சுடுகிறான். அதன்பின் ஏழு சீசன் நாம் அவன் பக்கம். அதனால் நல்லவன் மெல்ல மெல்லக் கெட்டதுதான் நம்மைக் கெடுத்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். டோனியும் விக்கும் முதலிலிருந்தே கெட்டவர்கள். வாத்தியாரைக் கொள்ளைக்காரனாக்கிக் காட்டியது பிறகு வந்த உத்தி. கடலோடி, உங்கள் ஒப்பீட்டில் டிரேக்கை வால்டரோடு வைக்காதீர்கள், டோனியோடு வையுங்கள். டிரேக் முதல் காட்சியிலிருந்தே திருடன்தான். இரண்டாவது கேமின் பெயரிலேயே அது இருக்கிறது: அமாங் தீவ்ஸ், திருடர்கள் நடுவே. நமக்கு அவன் சிரிப்பு பிடித்திருக்கிறது, அதனால் கேட்கவில்லை. டோனியின் சிரிப்பும் பிடித்திருந்தது.

லாராவின்_தோழி

2013-இல் வந்த டூம் ரெய்டர் கேம். நாயகி லாரா முதல்முறை ஒருவனைச் சுட்டுவிட்டு நடுங்குகிறாள். ரேடியோவில் அவள் வழிகாட்டி ராத் ஆறுதல் சொல்கிறார், அது சுலபமாக இருந்திருக்காது என்று. எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது என்கிறாள் அவள்.

கொஞ்ச நேரத்தில் தலையில் சுட்டால் கூடுதல் பாயின்ட் என்று திரையில் வந்தது. நான் தலையைக் குறிவைத்தேன்.

உப்புக்காற்று

நான் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு, புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகளும் சொல்கிறேன்.

முதல் அன்சார்ட்டட், 2007. டிரேக் கழுத்தில் ஒரு மோதிரம் தொங்கும். அதில் பொறித்திருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை வழியாகத்தான் பனாமா கடலில் பழைய ஆங்கிலேய மாலுமி பிரான்சிஸ் டிரேக்கின் சவப்பெட்டியைத் தேடிப் போவார்கள். நிஜ பிரான்சிஸ் டிரேக்கும் 1596-இல் பனாமாவின் போர்ட்டோபெலோ அருகே இறந்து, ஈயப் பெட்டியில் கடலில் இறக்கப்பட்டவர்தான். அந்தப் பெட்டி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த மோதிரத்தின் எண்கள்மேல் எனக்கு அப்படி ஒரு மயக்கம்.

பிரேக்கிங் பேட் ஐந்தாம் சீசனில் வால்டர் பணத்தைப் பீப்பாய்களில் அடைத்துப் பாலைவனத்தில் புதைக்கிறான். ஏழு பீப்பாய், எட்டுக் கோடி டாலர். இடத்தின் ஆயத்தொலைவுகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அந்த எண்களிலேயே ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கி ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டுகிறான். 34, 59, 20, 106, 36, 52. அடடா, என்ன மூளை என்று எனக்குப் பூரிப்பு. புதையல் வரைபடத்தைச் சமையலறையில் எல்லோர் கண்முன்னும் ஒளித்துவிட்டானே! அந்தப் பூரிப்பில், அது எத்தனை பேர் சாவில் சேர்ந்த பணம் என்பது சுத்தமாக மறந்துபோனது. பிறகு வால்டரைத் துரத்திவந்த அதிகாரி, அவன் சகலை ஹேங்க், அதே இடத்தில் சுடப்பட்டு, அந்தக் குழியிலேயே புதைக்கப்படுகிறான். ஆறு பீப்பாய் போய், மிச்சமிருக்கும் ஒன்றை வால்டர் மணலில் தனியாக உருட்டிக்கொண்டு போகிறான். அந்த உருட்டல்தான் என் காட்சி.

சரி, யோசனைகள். முதலாவது, இந்த மாதிரித் தொடர்களை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். பிரேக்கிங் பேட் மொத்தம் 62 எபிசோட். வாரம் ஒன்றாக வந்தபோது பார்த்தவர்களுக்கு இடையில் ஏழு நாள் கிடைத்தது, தட்டுத் துண்டுகளையும் கட்டிலையும் நினைத்துப் பார்க்க. ஒரே இரவில் ஐந்து பார்த்தால் அடுத்தது என்ன என்பது மட்டும்தான் மனதில் நிற்கும். ஜேன் இறந்த எபிசோட் முடிந்ததும் அடுத்ததை ஓட்டாமல் அணைத்துவிடுங்கள். இரண்டாவது, புதையல் கேம்களில் ஓரமாகக் கிடக்கும் கடிதங்களைப் படியுங்கள். ட்ராஃபிக்காக எடுத்துப் பைக்குள் போடாதீர்கள். அன்சார்ட்டட் 4-இல் கடற்கொள்ளையர் குடியேற்றமான லிபர்டேலியாவின் விருந்து மேசையைச் சுற்றிக் கடற்கொள்ளைத் தலைவர்களின் எலும்புக்கூடுகள் உட்கார்ந்திருக்கும், கையருகே கோப்பை. அழைத்தவர்களே விஷம் வைத்திருக்கிறார்கள். அந்தக் குடியேற்றத்தில் கிடக்கும் கடிதங்களைப் படித்துவிட்டு அங்கே வந்தால் அந்த மேசை வேறு மாதிரி தெரியும். மூன்றாவது, சண்டையின் கடினத்தைக் குறைத்து ஆடுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள். கடினமாக்கினால் செத்துச் செத்து, எதிரே நிற்பவன்மேல் உண்மையாகவே கோபம் வரும், கதை காதில் ஏறாது. நான்காவது, வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். வெண்மேகம் சொன்னது அதற்குச் சாட்சி. ஆடுகிறவன் கண்ணில் படாதது பார்க்கிறவர் கண்ணில் படும்.

ஆயிரத்தொன்று

வெண்மேகம், உங்கள் தம்பி கன்ட்ரோலரைக் கீழே வைத்தான் என்று படித்ததும் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்புக்காற்று, கடினத்தைக் குறைப்பது தப்பு. சுலபமாக்கினால் ஆட்கள் ஒரே குண்டில் விழுவார்கள், இன்னும் சீக்கிரம் மறப்போம். கடினமாக ஆடினால் ஒவ்வொருவனும் நினைவில் நிற்பான். கூரைமேல் சிவப்புத் துணி கட்டிய ஒருவனிடம் நான் பதினான்கு தடவை செத்திருக்கிறேன். அவனை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

கடலோடி

எல்லோர் எழுதியதையும் படித்தேன். மூன்றாம்பிறை, டோனியோடு வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள், பார்க்கிறேன். ஆனால் நேற்று இரவு அந்த ஜேன் எபிசோடை மறுபடி போட்டேன். முதல் தடவை தவறவிட்டவை நிறைய.

எபிசோடின் நடுவில் வால்டர் கைக்குழந்தை ஹோலியைத் தொட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைக்கிறான். கக்கினால் மூச்சடைக்கக் கூடாதே என்று துணியைச் சுருட்டி முதுகுக்கு அண்டக் கொடுக்கிறான். ஆக, அவனுக்குத் தெரியும். அப்புறம் மதுக்கடையில் ஒரு பெரியவரோடு பேசுகிறான். குடும்பத்தைக் கைவிடக் கூடாது என்று அவர் சொல்கிறார். அவர் ஜேனின் அப்பா என்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பேச்சு மனதில் நின்றுதான் ஜெஸ்ஸி வீட்டுக்குப் போகிறான்.

ஜேனும் ஜெஸ்ஸியும் ஒருக்களித்துத்தான் படுத்திருக்கிறார்கள். வால்டர் ஜெஸ்ஸியை எழுப்ப அவன் தோளைப் பிடித்து உலுக்குகிறான். எழவில்லை, மறுபடி உலுக்குகிறான். அந்த உலுக்கலில்தான் ஜேன் மல்லாந்து விழுகிறாள். முதல் தடவை இது என் கண்ணில் படவே இல்லை. அவன் கை வைக்காமல் நின்றான் என்று எழுதியிருந்தேனே, தப்பு. கை வைத்திருக்கிறான்.

அவள் இருமத் தொடங்கியதும் கட்டிலைச் சுற்றி ஓடுகிறான். கை நீள்கிறது. அங்கேயே நிறுத்தி, பின்னால் ஓட்டி, நான்கு தடவை பார்த்தேன். நீண்ட கை நடுவழியில் நிற்கிறது, அப்புறம் மெல்லத் திரும்பி அவன் வாயைப் பொத்திக்கொள்கிறது.